வறட்சி ஆண்டில் தானிய ரயில் எங்கே போகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: கடும் வறட்சியால் தானிய விளைச்சல் குறைந்தால் ரயில்வேயின் சரக்குப் போக்குவரத்தும் அதே அளவுக்குக் குறைந்துவிடுமா? குறையும் என்றால் அது எப்போது வெளியில் தெரியும், எவ்வளவு காலம் நீடிக்கும், முன்கூட்டியே அறிய வழி உண்டா?

அதே அளவுக்குக் குறையாது என்பதே என் விடை. விளைச்சலில் கால் பங்கு போனால் ரயிலில் ஏறும் தானியத்திலும் கால் பங்கு போகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். சில வழித்தடங்களில் பாதிக்கும் மேல் போய்விடும். வேறு சில வழித்தடங்களில் அதுவரை இல்லாத போக்குவரத்து புதிதாக முளைக்கும். வறட்சி தானியத்தின் அளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை, எஞ்சிய தானியம் எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் போகும் என்பதையும் அது மாற்றி எழுதுகிறது. ரயில்வேக்கு மிகக் கடினமான காலமும் பல சமயங்களில் வறட்சி ஆண்டாக இருப்பதில்லை. மழை திரும்பி, களம் நிறைந்து, ஏற்றிச் செல்லப் பெட்டியும் ஆளும் இல்லாமல் போகும் அடுத்த ஆண்டாக இருக்கிறது. இதை விளக்க நான் பெரும்பாலும் வட அமெரிக்க ரயில்வேக்களையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே தானியம் தனியார் ரயில்வேக்களில் நெடுந்தூரம் பயணிக்கிறது, புள்ளிவிவரங்களும் வாரந்தோறும் வெளியாகின்றன என்பதால் காரணத்தையும் விளைவையும் பிரித்துப் பார்ப்பது எளிது.

முதலில் 2012ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அந்த வசந்தத்தில் அமெரிக்க விவசாயிகள் 1937க்குப் பிறகு இல்லாத அளவு பரப்பில் மக்காச்சோளம் விதைத்தார்கள். மே மாதத்தில் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 1,480 கோடி புஷல் விளையும் என்று கணித்தது. ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ. ஜூன், ஜூலை மாதங்களில், பயிர் மணி பிடிக்க வேண்டிய நேரத்தில், மழை பொய்த்தது. முடிவில் களத்துக்கு வந்தது ஏறத்தாழ 1,080 கோடி புஷல் மட்டுமே. ஆகஸ்டில் ஒரு புஷலின் விலை 8 டாலரைத் தாண்டியது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலான 400 கோடி புஷலை, ஒரு பெட்டிக்கு 4,000 புஷல் என்று வகுத்தால், 10 லட்சம் ரயில் பெட்டிகள் என்று விடை வரும். இந்த எண் பார்க்க அச்சமூட்டுகிறது. ஆனால் ரயில்வே இழந்த பெட்டிகள் இத்தனை அல்ல.

அதற்குக் காரணம், விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி ஒருநாளும் ரயிலைப் பார்ப்பதில்லை என்பதுதான். அயோவாவிலோ நெப்ராஸ்காவிலோ விளைவது அருகிலுள்ள எத்தனால் ஆலைக்கும் தீவன ஆலைக்கும் லாரியிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரயிலில் ஏறுவது அந்த உள்ளூர்த் தேவை தீர்ந்தபின் மிஞ்சுவது: பசிபிக் கரைத் துறைமுகங்களுக்கும், மெக்சிகோவுக்கும், தெற்கிலும் மேற்கிலும் உள்ள கோழி, மாட்டுப் பண்ணைகளுக்கும் போகிற உபரி. வறட்சி முதலில் தின்பது இந்த உபரியைத்தான். ஆலைகளும் பண்ணைகளும் தங்கள் வாசலில் இருக்கும் தானியத்தை என்ன விலை கொடுத்தாவது பிடித்துக்கொள்கின்றன. வெளிநாட்டு வாங்குபவர் பிரேசிலுக்கோ அர்ஜெண்டினாவுக்கோ உக்ரைனுக்கோ போய்விடுகிறார். 2011–12 சந்தை ஆண்டில், அதாவது செப்டம்பரில் தொடங்கும் விற்பனை ஆண்டில், ஏறத்தாழ 154 கோடி புஷலாக இருந்த அமெரிக்க மக்காச்சோள ஏற்றுமதி, 2012–13இல் 73 கோடி புஷலாகச் சரிந்தது. விளைச்சல் முந்தைய ஆண்டைவிட எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. ஏற்றுமதியோ பாதிக்கும் கீழே போயிற்று. ஏற்றுமதித் தடத்தை நம்பியிருந்த ரயில்வேக்கு விழுந்த அடியின் கனத்தை இந்த இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உணர முடியும். மொத்த விளைச்சல் எண்ணைப் பார்த்து ரயில் போக்குவரத்தைக் கணிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உபரி எவ்வளவு, அந்த உபரி வழக்கமாக எந்த வழியில் வெளியேறும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே பெட்டிகளை எண்ணத் தொடங்க வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வறட்சிச் செய்தி வந்த வாரத்திலேயே தானிய ரயில்கள் குறைந்துவிடுவதில்லை. கிடங்குகளில் முந்தைய ஆண்டின் இருப்பு இருக்கும். விலை ஏறுவதைக் கண்டு, அதுவரை விற்காமல் வைத்திருந்தவர்கள் அதை வெளியே விடுவார்கள். ஆகையால் பயிர் கருகும் கோடையில் ரயில் போக்குவரத்து சில வாரங்களுக்குக் கூடவும் செய்யலாம். சரிவு முழுமையாகத் தெரிவது அறுவடைக்குப் பின், பனிக்காலம் முழுவதும், அடுத்த அறுவடை வரும்வரை. முதல் வறட்சி ஆண்டைக் கையிருப்பு தாங்கிப் பிடிக்கும். இரண்டாவது ஆண்டும் மழை பொய்த்தால் தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. 1983இல் நடந்தது வேறு வகை. அந்த ஆண்டு அரசே விவசாயிகளுக்குக் கையிருப்புத் தானியத்தைக் கொடுத்து நிலத்தைத் தரிசாக விடச் சொன்னது. அதன் மேல் வறட்சியும் சேர்ந்தது. 1982இல் 824 கோடி புஷலாக இருந்த மக்காச்சோள விளைச்சல் 417 கோடி புஷலாக விழுந்தது. இத்தனைக்கும் 1970களின் ஏற்றுமதிக் காய்ச்சலில் அளவுக்கு மீறித் தானியப் பெட்டிகள் வாங்கி முடித்திருந்த நேரம் அது. புத்தம் புதிய பெட்டிகள் கிளைத் தடங்களில் வரிசையாக நின்றன.

திசை மாறுவதற்கு 2021ஆம் ஆண்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கனடாவின் மேற்குப் புல்வெளி மாநிலங்களில் அந்தக் கோடை கடும் வெப்பமும் வறட்சியுமாகக் கழிந்தது. நாட்டின் கோதுமை விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. பார்லியும் கனோலா என்ற எண்ணெய் வித்தும் அதே கதிக்கு ஆளாயின. வழக்கமாக அங்கே தானிய ரயில்கள் சாஸ்கட்செவனிலும் ஆல்பர்ட்டாவிலும் நிரம்பி, மலைகளைக் கடந்து, வான்கூவர் துறைமுகத்துக்கு இறங்கும். அந்த ஆண்டு அந்த ஓட்டம் மெலிந்தது. ஆனால் ஆல்பர்ட்டாவின் தெற்கில், லெத்பிரிட்ஜ் நகரைச் சுற்றி, உள்ளூர்ப் பார்லியை உண்டு வளரும் லட்சக்கணக்கான மாடுகள் இருக்கின்றன. பார்லி இல்லாததால் அவற்றுக்காக அமெரிக்காவின் நடுமேற்கிலிருந்து மக்காச்சோளம் எல்லை தாண்டி ரயில் ரயிலாக வந்தது. உலகுக்குத் தானியம் அனுப்பும் நிலத்துக்குள் தானியம் எதிர்த்திசையில் ஏறி வந்தது. 2022 மார்ச் 20 முதல் 22 வரை கனடியன் பசிபிக் ரயில்வேயில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான பிணக்கால் ரயில்கள் நின்றபோது, முதலில் பதறியவர்களில் மாட்டுப் பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். சாதாரண ஆண்டில் ரயில் நின்றால் அவர்களுடைய மாடு பட்டினி கிடக்காது. அந்த ஆண்டு சில நாட்களுக்கு மேல் நின்றிருந்தால் தீவனத் தொட்டி காலியாகியிருக்கும்.

இதே வறட்சிக்கு ஒரு விந்தையான மறுபக்கமும் உண்டு. 2021 நவம்பர் நடுவில் பெருமழை பெய்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பாதைகள் அரித்துச் செல்லப்பட்டன. வான்கூவருக்குப் போகும் இரண்டு பெரிய ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. நல்ல விளைச்சல் ஆண்டாக இருந்திருந்தால் தானியத் தேக்கம் வசந்தம்வரை தீர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். பயிரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிருந்ததால் தேங்குவதற்கும் அதிகம் இருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2017 தொடங்கி 2020 தொடக்கம்வரை நீடித்த கிழக்குப் பகுதி வறட்சியும் இதே பாடத்தை வேறு வடிவில் காட்டுகிறது. நியூ சவுத் வேல்ஸிலும் குவின்ஸ்லாந்திலும் விளைச்சல் பொய்த்தபோது, மேற்கு ஆஸ்திரேலியாவில் தானியம் இருந்தது. ஒரே நாடு, ஒரே சந்தை. ஆனால் தண்டவாள அகலம் ஒன்றல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் தானியப் பாதைகள் பெரும்பாலும் 1,067 மில்லிமீட்டர், நியூ சவுத் வேல்ஸில் 1,435, விக்டோரியாவின் பல பாதைகள் 1,600. தானியப் பெட்டியை மேற்கில் ஏற்றி அப்படியே கிழக்கில் இறக்க முடியாது. ஆகவே தானியம் கப்பலில் கண்டத்தைச் சுற்றி வந்து கிழக்குத் துறைமுகங்களில் இறங்கியது. ஏற்றுமதிக்கென்று கட்டப்பட்ட துறைமுகங்கள் இறக்குமதித் துறைமுகங்களாயின. உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஓட வேண்டிய போக்குவரத்து துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு ஓடியது. 2019இல், பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, கனடாவிலிருந்து கோதுமை இறக்குமதி செய்யவும் ஆஸ்திரேலிய அரசு அனுமதி கொடுத்தது. கோதுமை ஏற்றுமதிக்குப் பேர்போன ஒரு நாட்டில் இது நடந்தது என்பதைக் கருதினால், வறட்சி ஒரு ரயில் வரைபடத்தைத் தலைகீழாக்க எவ்வளவு குறைந்த காலம் போதும் என்பது விளங்கும்.

இதுவரை வறட்சி விழுந்த இடத்து ரயில்வேயைப் பற்றியே பேசினேன். வறட்சி ஓரிடத்தில், ரயில் நெரிசல் வேறோரிடத்தில் என்பதும் நடக்கும்; அதற்கு 1972 சாட்சி. அந்த ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் பனிக்காலப் பயிர் கருகியது, கோடையில் வறட்சி தாக்கியது. சோவியத் வணிக அமைப்புகள் அமெரிக்காவிலிருந்து சத்தமில்லாமல் ஏறத்தாழ 1.9 கோடி டன் தானியம் வாங்கின. அத்தனையும் நடுநிலப் பகுதியிலிருந்து மெக்சிகோ வளைகுடாத் துறைமுகங்களுக்குப் போக வேண்டும். அன்றைய தானியம் கணிசமான அளவில் சாதாரண மூடிய பெட்டிகளில்தான் போயிற்று: கதவின் உட்புறம் பலகையோ கெட்டித்தாளோ அடைத்து, மேலிருந்து குழாயால் கொட்டி, துறைமுகத்தில் மண்வெட்டியாலும் இயந்திரத்தாலும் வழித்தெடுத்தார்கள். துறைமுகத்தில் இறக்கும் வேகம் குறைய, நிரம்பிய பெட்டிகள் துறைமுக வாசலில் தேங்கின. காலிப் பெட்டி திரும்பாததால் உள்நாட்டுக் கிடங்குகளில் தானியம் தரையில் குவிந்தது. 1973இல் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்ட சரக்குப் பெட்டித் தட்டுப்பாடு இப்படி வந்தது. அமெரிக்க மழையளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எந்த ரயில்வே அதிகாரியும் இதை முன்னறிந்திருக்க முடியாது.

அந்தத் தட்டுப்பாடுதான் கீழே திறக்கும் மூடிய ஹாப்பர் பெட்டிகளின் பக்கம் எல்லோரையும் வேகமாகத் தள்ளியது என்றாலும், அந்த வகைப் பெட்டியின் வரலாறு அதற்கு முன்பே தொடங்குகிறது. 1961இல் அமெரிக்காவின் சதர்ன் ரயில்வே தன் ‘பிக் ஜான்’ எனப்பட்ட பெரிய அலுமினிய ஹாப்பர்களைக் காட்டித் தானியக் கட்டணத்தை 60 சதவீதம் அளவுக்குக் குறைக்க முன்வந்தது. படகுக்காரர்களும் மற்றவர்களும் எதிர்க்க, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. எப்போதும் தீவனத் தட்டுப்பாடு உள்ள தென்கிழக்கு மாநிலங்களில் கோழிப் பண்ணைத் தொழில் வளர்ந்ததில் அந்த மலிவான கட்டணத்துக்குப் பங்குண்டு. நிரந்தரத் தட்டுப்பாடு ரயிலுக்கு வாடிக்கையாளரைத் தரும், திடீர்த் தட்டுப்பாடு குழப்பத்தைத் தரும் என்ற வேறுபாட்டை இங்கே கவனிக்கலாம்.

அடுத்தது ஆற்றின் கதை. வறட்சி வயலை மட்டும் உலர்த்துவதில்லை, ஆற்றையும் உலர்த்துகிறது. அமெரிக்காவில் ஏற்றுமதிக்குப் போகும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் பெரும்பகுதி மிசிசிப்பி ஆற்றில் பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளில் இறங்கி வருகிறது. ஒரு பார்ஜ் சுமார் 1,500 டன் ஏற்றும். பதினைந்து பார்ஜ்களைக் கட்டி ஒரே இழுவைப் படகு தள்ளிச் செல்லும்போது அது 225 தானியப் பெட்டிகளுக்கு, அதாவது இரண்டேகால் நீண்ட ரயில்களுக்குச் சமம். நீர்மட்டம் இறங்கினால் பார்ஜை முழுதாக நிரப்ப முடியாது, பதினைந்தைக் கட்டவும் முடியாது. 2012இன் இறுதியிலும் 2013இன் தொடக்கத்திலும் இல்லினாய் மாநிலத்தின் தீப்ஸ் நகரருகே ஆற்றின் அடியிலுள்ள பாறைகளை ராணுவப் பொறியாளர் படை வெடிவைத்து உடைத்துத்தான் படகுப் பாதையைத் திறந்து வைத்திருக்க முடிந்தது. 2022 அக்டோபரில் மெம்பிஸ் நகரில் ஆறு அதுவரை பதிவான மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியது. செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு டன் தானியத்தைக் கீழே கொண்டுபோகும் பார்ஜ் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. 2023 அக்டோபரில் அந்த நீர்மட்டப் பதிவும் உடைந்தது.

அப்படியானால் ஆற்றில் போக முடியாதது ரயிலுக்கு வந்துவிடுமே, ரயில்வேக்கு இது ஆதாயம்தானே என்று கேட்கத் தோன்றும். ஓரளவுக்கு உண்மை, ஆனால் மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆற்றங்கரைக் கிடங்குகள் பலவற்றில் படகில் ஏற்றும் குழாய் இருக்கும், நூறு பெட்டி ரயிலை நிறுத்த இடம் இருக்காது. வளைகுடாத் துறைமுகக் கிடங்குகளும் படகிலிருந்து இறக்குவதற்கே முதன்மையாக அமைக்கப்பட்டவை. ரயிலிலிருந்து இறக்கும் திறன் அவற்றில் குறைவு. அறுவடைக் காலத்தில் தானியப் பெட்டிகள் ஏற்கனவே வேறு வாடிக்கையாளருக்கு உறுதி செய்யப்பட்டிருக்கும். 2022இல் இதோடு ரயில்வேக்களிடம் போதிய ஆட்களும் இல்லை. ஆகையால் ஆறு வற்றும்போது ரயிலுக்கு மாறுவது நடுவில் உள்ள தானியம்: ஆற்றுக்கும் போகலாம், மேற்கே பசிபிக் துறைமுகத்துக்கும் போகலாம் என்ற நிலையில், விலை வேறுபாட்டைப் பார்த்து முடிவெடுக்கக்கூடிய வட டக்கோட்டா, தென் டக்கோட்டா, மினசோட்டா, மேற்கு அயோவா, நெப்ராஸ்கா தானியம். 2023இன் பிற்பகுதியில் பனாமா கால்வாய்க்கு நீர் தரும் ஏரியிலும் வறட்சியால் தண்ணீர் குறைந்து, நாளொன்றுக்கு 36 அளவில் கடந்துகொண்டிருந்த கப்பல்களின் எண்ணிக்கை 20களின் தொடக்கத்துக்கு இறக்கப்பட்டது. வளைகுடாவிலிருந்து ஆசியாவுக்குப் போகும் தானியக் கப்பல் வேறு வழியில் நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தால், ரயிலேறிப் பசிபிக் கரைக்குப் போவது அவ்வளவு விலையுயர்ந்ததாகத் தெரியாது. மழை பெய்யாத இடம் வேறொரு நாட்டின் ஏரியாக இருந்தும், கணக்கு இங்கே ரயில் பெட்டியில் வந்து நிற்கிறது.

இழப்பை யார் சுமப்பது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இந்தப் பகுதியைச் செய்திக் கட்டுரைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எனக்கோ இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. 1988இல் பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வே, வருங்கால மாதங்களுக்கான தானியப் பெட்டிகளை ஏலத்தில் விற்கும் முறையைத் தொடங்கியது. பிற ரயில்வேக்களும் தத்தம் வழியில் அதைப் பின்பற்றின. தானிய வணிகர் ஓர் ஆண்டுக்கு ஒரு ஷட்டில் ரயிலை, அதாவது நூறுக்கு மேற்பட்ட பெட்டிகள் கொண்ட, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் ரயிலை, முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். தனக்குத் தேவையில்லாத நடைகளை இன்னொருவருக்கு விற்கலாம். நல்ல விளைச்சல் ஆண்டில் அந்த மறுவிற்பனை விலை ஒரு பெட்டிக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறும். வறட்சி ஆண்டில் அது பூஜ்யத்துக்கும் கீழே போகும்: கையில் ரயில் வைத்திருப்பவர், அதை எடுத்துக்கொள்ள இன்னொருவருக்குத் தானே பணம் கொடுக்கிறார். ஆகவே வறட்சியின் முதல் இழப்பு ரயில்வேயின் ஏட்டில் ஏறாமல், வசந்தத்தில் நம்பிக்கையோடு ரயில் எடுத்த வணிகரின் ஏட்டில் ஏறக்கூடும். ஆஸ்திரேலியாவில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டணம் என்ற வகை ரயில் ஒப்பந்தங்கள், அந்நாட்டின் பெரிய தானிய நிறுவனமான கிரெயின்கார்ப்பின் 2019 இழப்பில் ஒரு பங்கு வகித்தன. அதே ஆண்டில் அந்த நிறுவனம், கிழக்கு ஆஸ்திரேலிய விளைச்சல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தனக்குப் பணம் வரவும், மேலே போனால் தான் பணம் செலுத்தவும் பல ஆண்டுகளுக்கான ஒரு காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் ஆகும் நிலைச் செலவு வறட்சியிலும் குறையாது என்பதை அனுபவத்தில் கண்ட நிறுவனம் செய்யக்கூடிய காரியம் அது.

பெரிய ரயில்வேக்குத் தானியம் பல சரக்குகளில் ஒன்று; நிலக்கரி, கொள்கலன், ரசாயனம் என்று வேறு வருவாய் உண்டு. கிளைப் பாதை ஒன்றை மட்டும் நடத்தும் சிறு ரயில்வேக்கு அந்த வசதி இல்லை. கோதுமை வயல்களுக்கிடையே நூறு மைல் ஓடும் பாதையில் வறட்சி ஆண்டில் ரயில் வாரத்துக்கு ஒன்றாகிவிடும். ஆனால் தண்டவாளக் கட்டை அழுகுவதும் பாலம் துருப்பிடிப்பதும் வாரத்துக்கு ஒன்றாகக் குறைவதில்லை. பராமரிப்பு ஓராண்டு தள்ளிப்போகும், பின் இரண்டாண்டு. வேகக் கட்டுப்பாடு வரும். அதற்குள் விவசாயி லாரியில் நீண்ட தூரம் போய்ப் பெரிய ஷட்டில் கிடங்கில் கொட்டப் பழகிவிடுவார். மழை வந்த பின்னும் அந்தத் தானியம் பழைய பாதைக்குத் திரும்புவதில்லை. வறட்சி ஒரு பாதையைத் தனியே கொல்வது அரிது என்பது என் கணிப்பு. ஏற்கனவே நலிந்த பாதையின் கதையை அது சீக்கிரம் முடித்துவைக்கிறது.

1930களைப் பற்றியும் அதே எச்சரிக்கையோடு பேச வேண்டும். அமெரிக்கக் கோதுமை விளைச்சல் 1931இல் ஏறத்தாழ 94 கோடி புஷல். 1934இல் 53 கோடிக்கும் கீழே. ராக் ஐலண்ட் ரயில்வே 1933இலும், சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன், மில்வாக்கி ரோடு ஆகியவை 1935இலும் திவாலாயின. இவை அனைத்தும் தானிய மாநிலங்களில் ஓடியவை. ஆனாலும் பழியை முழுவதும் வறட்சியின் மேல் போட்டுவிட முடியாது: பெருமந்தம், லாரிப் போட்டி, முந்தைய பத்தாண்டுகளில் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்த சுமை அது. வறட்சி அந்நாளில் ரயில்வேக்குத் தந்த வேலையும் கொஞ்சமல்ல. 1934இல் வறட்சிப் பகுதிகளுக்குத் தீவனம் கொண்டுசெல்லவும், அங்கிருந்து கால்நடைகளை வெளியே கொண்டுவரவும் ரயில்வேக்கள் சலுகைக் கட்டணம் விதித்தன. கூட்டரசு அந்த ஆண்டு தொடங்கிய திட்டத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்கியது. எழுந்து நிற்கத் தெம்பிருந்தவை ரயிலில் மேய்ச்சல் நிலங்களுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் அனுப்பப்பட்டன. டன் கணக்கில் பார்த்தால் அது போக்குவரத்துதான், வருவாய்க் கணக்கில் பார்த்தால் பாதி தர்மம்.

வேறு சில விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணைகளில் நீர் குறைந்தால் நீர்மின்சாரம் குறைந்து, அந்த இடத்தை நிரப்ப நிலக்கரி ரயில்கள் கூடக்கூடும். எத்தனால் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தால் ரயிலில் போகும் எத்தனாலும் அதன் துணைப்பொருளான தீவனமும் குறையும். நீராவி எஞ்சின் காலத்தில் எஞ்சினுக்கே தண்ணீர் இல்லாமல், தண்ணீர்த் தொட்டி ரயிலை ஓட்டி எஞ்சினுக்கு நீர் கொடுத்த பாதைகளும் உண்டு. உயர் விலை அடுத்த ஆண்டு விதைப்பைத் தூண்டுவதால், உரம் ஏற்றிவரும் ரயில்கள் வறட்சிக்கு அடுத்த வசந்தத்தில் பெருகும்.

அந்த அடுத்த ஆண்டுதான் நான் தொடக்கத்தில் சொன்ன கடினமான ஆண்டு. 2012 வறட்சியால் தானிய ரயில்கள் குறைந்திருந்த நேரத்தில், வட டக்கோட்டாவின் பேக்கன் எண்ணெய் வயல்கள் பெருகிக்கொண்டிருந்தன. 2008இல் அமெரிக்காவின் பெரிய ரயில்வேக்கள் ஏற்றிய கச்சா எண்ணெய்ப் பெட்டிகள் சுமார் 9,500. 2013இல் அவை நான்கு லட்சத்தைத் தாண்டின. ஆளும் எஞ்சினும் தடத்தின் இடைவெளியும் எண்ணெய்க்குப் போனதில் வியப்பில்லை. எந்த ரயில்வேயும் வராத தானியத்துக்காக எஞ்சினை நிறுத்திவைத்துக் காத்திருக்காது. 2013இல் மழை திரும்பியது. அமெரிக்காவில் மக்காச்சோளம் ஏறத்தாழ 1,380 கோடி புஷல். கனடாவில் மொத்தம் 7.6 கோடி டன் அளவுக்கு, அதுவரை காணாத விளைச்சல். அதோடு அந்தப் பனிக்காலம் கொடுங்குளிராக அமைந்தது. கடுங்குளிரில் பிரேக் குழாயில் காற்றழுத்தம் நிற்பது கடினம் என்பதால் ரயில்களை நீளம் குறைத்து ஓட்ட வேண்டும். அதே சரக்குக்கு அதிக எஞ்சின், அதிக ஆள். கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2014 மார்ச்சில் கனடிய அரசு, இரண்டு பெரிய ரயில்வேக்களும் தலா வாரம் 5 லட்சம் டன் தானியத்தை நகர்த்தியே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. அமெரிக்காவில் ரயில்வேக்களை ஒழுங்குபடுத்தும் தரைவழிப் போக்குவரத்து வாரியம் ஏப்ரலில் வாஷிங்டனிலும் செப்டம்பரில் வட டக்கோட்டாவின் ஃபார்கோ நகரிலும் விசாரணைக் கூட்டங்கள் நடத்தியது; ஜூனில், தாமதமான தானியப் பெட்டிகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் அறிவிக்க இரண்டு ரயில்வேக்களைப் பணித்தது. வறட்சியின்போது இப்படி ஓர் ஆணை எந்த அரசிடமிருந்தும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறைந்த சரக்கை ரயில்வே அமைதியாக ஏற்றுக்கொள்கிறது. அமைதியாக ஏற்றுக்கொள்ளும் அந்தக் காலத்தில் எடுக்கும் முடிவுகளே பின்னால் நெரிசலாக வெளிவருகின்றன.

முன்கூட்டியே அறிவது எப்படி என்ற கடைசிக் கேள்விக்கு, நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். கோடையில் வேளாண் துறையின் ஆகஸ்ட் பயிர் மதிப்பீட்டோடு செப்டம்பர் 1ஆம் தேதிய கையிருப்பையும் சேர்த்துப் படிப்பேன், ஏனெனில் ஒன்றில்லாமல் மற்றது ஏமாற்றும். பிறகு அதே துறை வாரந்தோறும் வெளியிடும் தானியப் போக்குவரத்து அறிக்கையில் பெட்டிகளின் மறுவிற்பனை விலையையும் பார்ஜ் கட்டணத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பேன்: இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஏற்றுமதி போய்விட்டது, பார்ஜ் மட்டும் ஏறினால் வற்றியது ஆறு. பிரேசிலிலும் கருங்கடல் நாடுகளிலும் மழை எப்படி என்பதையும் விட மாட்டேன். வறட்சி உறுதியான பிறகு, பெட்டிகளைவிட ஆட்களைக் கவனிப்பேன். பெரிய ரயில்வேக்கள் ரயிலோட்டும் பணியாளர் எண்ணிக்கையை மாதந்தோறும் தரைவழிப் போக்குவரத்து வாரியத்துக்குத் தர வேண்டும். சேமிப்புத் தடத்தில் நிற்கும் பெட்டியைச் சில நாட்களில் ஓடவைத்துவிடலாம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஓட்டுநர் வேறு தொழிலுக்குப் போய்விட்டால், அவர் இடத்துக்குப் புதியவரைப் பயிற்றுவித்து எடுப்பதற்குள் ஓர் அறுவடை முடிந்துவிடும். வறட்சிப் பனிக்காலத்தில் அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த அக்டோபரில் எந்த ரயில்வேயின் கிடங்குகளில் தானியம் தரையில் குவியும் என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.